செய்தவர், சரிபார்த்தவர்

ஆகஸ்ட் 5, திங்கள்
காலை 6.10. பிரஷர் 148/92

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? தினமும் எழுந்ததும் பிரஷர் பார்த்துக் குறித்துவைக்க வேண்டுமாம். கூடவே, "அன்னிக்கு என்ன நடந்துச்சு, என்ன டென்ஷன், அதையும் ரெண்டு வரி எழுதுங்கம்மா. எதுனால ஏறுதுன்னு பார்க்கலாம்" என்றார். புத்தாண்டுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. முதல் ஏழு மாதம் காலி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எழுதுவதென்றால் எனக்கு லேப் பழக்கம்தான் வரும். மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருபத்திரண்டு வருடம் நோட்டு எழுதிய கை இது. நீல மை மட்டும். ஒயிட்னர் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. பழையது படிக்க வரும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, காரணம், சுருக்கொப்பம், தேதி. காரணம் என்ற இடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'பதிவுப் பிழை' என்று எழுதிவிடுவோம்.

புதிதாகச் சேருகிறவர்களை நான் இதற்காகப் படுத்தும் பாட்டில், எனக்கு 'ஒத்தைக்கோடு' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தது கார்மேகம் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக என் செக்‌ஷனில் இருக்கிறான். முப்பத்து நாலு வயது, மானாமதுரைக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
150/92

தலைக்கு மேல் வேலை. கடைக்குப் போய்விட்ட ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் மாத்திரையை எடுத்து எங்கள் அலமாரியில் வைத்திருப்போம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, கெட்டுப்போகிறதா என்று பார்ப்போம். இன்று ஒரு பிரஷர் மாத்திரைக்குப் பதினெட்டாம் மாத முறை. (டாக்டர் படிப்பதானால் படிக்கட்டும் என்று விளக்கி எழுதுகிறேன்.) மாத்திரையைக் கரைத்து, பம்ப் வைத்து, மாவு போன்ற துகள் அடைத்த ஒரு ஜாண் ஸ்டீல் குழாய்க்குள் தள்ளுவோம். கடைத்தெருவில் நடக்கிற கூட்டம் மாதிரிதான். கடைக்குக் கடை நிற்கிறவர் பின்தங்குவார், வேடிக்கை பார்க்காதவர் முன்னால் வந்துவிடுவார். அப்படி மருந்து ஒரு நிமிடத்திலும், கெட்டுப்போன பகுதி இன்னொரு நிமிடத்திலும் வெளியே வரும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றும் ஒரு பீக்காக, சின்னக் குன்று மாதிரி எழும்.

நாலாம் நம்பர் மெஷினில் இருக்கிற குழாய் கிழடு. புதியது ஆர்டர் போட்டு ஒன்றரை மாதமாகிறது. பெரிய பீக்கின் வலப்பக்கத்தில் தோள் மாதிரி ஒரு புடைப்பு வருகிறது. போன வருடமும் இப்படித்தான் வந்தது, குழாயை மாற்றியதும் போய்விட்டது. எங்கள் மேனேஜர் எத்திராஜ் சார் மதியத்திலிருந்து, "மேடம், அஞ்சு மணி கூரியரு. பார்ட்டி ரிப்போர்ட் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று நாலு தடவை வந்துவிட்டார்.

கார்மேகம்தான் ரன் போட்டு, ரிசல்ட்டையும் முடித்தான். மூன்றே முக்காலுக்கு நான் கேண்டீனுக்கு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது முடிந்திருந்தது. லிமிட்டுக்குள்தான். 'செய்தவர்' என்ற கட்டத்தில் அவன் பெயர், 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட் போய்விட்டது.

இதை இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்து தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்
162/98

பிரஷர் மெஷின் சரியில்லை. பேட்டரி மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
158/96. பேட்டரி மாற்றியாயிற்று.

ஆடி வெள்ளி. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். முடி காய்வதற்குள் ஏசி அறை. சாயங்காலம் தும்மல்.

கேண்டீனில் இன்றுதான் அடுப்பு பற்றவைத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து கேஸ் இல்லை என்று பூட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். நாலு நாளாக டீ இல்லாமல் எனக்கு மண்டையிடி. இன்று இரண்டு டம்ளராகக் குடித்தேன்.

கார்மேகத்தின் மனைவி சங்கரிக்கு ஏழாம் மாதம். "குழந்தை நல்லா இருக்காம்க்கா. தலை கீழ திரும்பிருச்சாம்" என்றான். சந்தோஷம் என்றேன். சொல்லிவிட்டு என் நோட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்
156/96

என் மாத்திரை தீர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரையாகக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். "என்ன மேடம், உங்க கம்பெனி மாத்திரையையே வேணாங்கிறீங்க?"

"ரெண்டு வருஷமா ஒண்ணையே சாப்பிடுறேன். மாத்திப் பார்க்கலாம்னு."

"டாக்டர் மாத்தச் சொன்னாரா?"

மருந்து ஒன்றுதான், கம்பெனிதான் வேறு என்றேன். மாற்றினால் என்ன? சட்டை மாற்றுவதில்லையா?

ஆகஸ்ட் 16, வெள்ளி
160/98

நாலாம் நம்பருக்குப் புதுக் குழாய் வந்துவிட்டது. பத்து நாள் முன்னால் வந்து தொலைந்திருக்கக் கூடாதா?

மாட்டி, கழுவி, ஓடவிட்டதும் கார்மேகம் கேட்டான். "அக்கா, அந்தப் பதினெட்டாம் மாசத்த இதுல ஒரு தடவை ஓட்டிப் பாத்துருவமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அந்தத் தோளு போயிருச்சான்னு."

"முடிஞ்ச வேலைய எதுக்கு நோண்டுற? ஆயிரம் வேலை கெடக்கு."

அவன் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். எனக்குத்தான் இன்று முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
158/98

நாளை ஆடிட். மாத்திரை வாங்குகிற பார்ட்டியின் ஆள் வருகிறாராம். லேபைத் துடைத்துத் துடைத்து எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 21, புதன்
164/100

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆடிட்டுக்கு வந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேப்பர் ஒன்றையும் கேட்காமல், நேரே நாலாம் நம்பரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். யாருடைய லாகின், எத்தனை மணிக்கு, எதைத் தொட்டார்கள் என்று. அதை யாராலும் அழிக்க முடியாது. கோடு போடக்கூட முடியாது.

அதில் இருந்தது இதுதான். ஆகஸ்ட் 6, மாலை 4.12. கார்மேகத்தின் லாகின். பெரிய பீக்கையும் அதன் தோளையும் பிரித்துக் கம்ப்யூட்டர் தானாகப் போட்டிருந்த கோட்டைக் கையால் எடுத்துவிட்டிருக்கிறார்கள். கோடு போனதும் இரண்டும் சேர்ந்து ஒரே பீக். ஒரே பீக் என்றால் கெட்டுப்போன பகுதி என்று தனியாக ஒன்றுமே இல்லை. காரணம் என்ற இடத்தில், 'பீக்கின் அடிக்கோட்டுத் திருத்தம்'.

"இந்தக் கோட்டை எடுக்கலேன்னா இது எவ்வளவு வரும்?" என்று கேட்டு, அவளே மறுபடி போட்டுப் பார்த்தாள். 0.7 சதவீதம். லிமிட் 0.5.

எத்திராஜ் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கார்மேகம் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் மேஜையைப் பார்த்தான்.

"யாருய்யா இது? நீதான?"

"ஞாபகம் இல்ல சார்."

"உன் லாகின்யா. உனக்கு ஞாபகம் இல்லேன்னா யாருக்கு இருக்கும்? மேடம், சரிபார்க்கும்போது நீங்க கவனிக்கலையா?"

"ரிசல்ட் மட்டும்தான் பார்த்தேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

சாயங்காலம் அவனுக்கு சஸ்பென்ஷன் ஆர்டர். பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னான். வழக்கமாக ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டுத்தான் போவான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி
166/100

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அந்தப் பையன் விஷயம் என்னாச்சு?"

"விசாரணை வைப்பாங்களாம்."

"நீ கையெழுத்து மட்டும்தான போட்ட? உனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது."

"அப்புறம் ஏன் மூணு நாளா பேய் அறைஞ்சவ மாதிரி இருக்க?"

ரசத்தில் உப்பு இல்லை என்று எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தேன். உப்பு ஏற்கெனவே போட்டிருந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அசிஸ்டென்ட் மேனேஜர் லிஸ்டில் என் பெயர் இருக்கிறது என்று அக்கவுண்ட்ஸ் பெண் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்
164/102



மறு சோதனைக்கு அந்த மாத்திரையை ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் முறை வேண்டாம், வேறு முறையில் பார்க்க வேண்டும் என்று அந்த ஆடிட் அம்மாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். சீனியர் என்ற முறையில் கூட உட்கார்ந்து பார்க்க என்னை அனுப்பினார் எத்திராஜ் சார்.

அங்கே சாருமதி என்று ஒரு பெண். டாக்டரேட் முடித்தவள், கெட்டிக்காரி. அவளிடம் இருப்பது கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ் மெஷின். எங்களுடையதைப் போலப் பம்பும் கிடையாது, துகள் அடைத்த குழாயும் கிடையாது. தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை. உள்ளே உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு கரைசல். ஒரு முனையில் துளியிலும் துளியாகச் சாம்பிள். இரண்டு முனைக்கும் நடுவே முப்பதாயிரம் வோல்ட்.

"மின்சாரத்துல இழுத்து ஓட விடுறோம் மேடம். அதது மேல இருக்கற சார்ஜ், அதோட உருவம், அதை வச்சுதான் வேகம். அதுல இதையும் சேர்த்திருக்கேன்" என்று ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினாள். சர்க்கரை வகைதானாம். மூலக்கூறு ஒவ்வொன்றும் கிண்ணம் மாதிரி குழிவாக இருக்கும். "உங்க மருந்தும், அது கெட்டுப்போய் வர்ற பொருளும் எடையில ஒண்ணுதான். ஒரு இடத்துல மட்டும் திரும்பிக்கிட்டு இருக்கும். செருப்புல வலது, இடது மாதிரி. இந்தக் கிண்ணத்துக்குள்ள ஒண்ணு நல்லா உட்காரும், இன்னொண்ணு சரியா உட்காராது. அங்க தெரிஞ்சுரும்."

"உங்க குழாயில ஒட்டிக்கிட்டு வரலாம். இதுல தப்பிக்கவே முடியாது" என்றும் சொன்னாள். அவள் மாத்திரையைத்தான் சொன்னாள்.

ஓட ஆரம்பித்தது. ஒன்பதாவது நிமிடம் வரைக்கும் திரையில் நேர்க்கோடு. நான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்று வரட்டும், மாரியம்மா, ஒன்றே ஒன்று வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சாம்பிளுக்காக நான் சாமியைக் கூப்பிட்டதில்லை.

9.2 நிமிடத்தில் பெரிய பீக் எழுந்து, அடிவரைக்கும் சுத்தமாக இறங்கியது. அப்புறம் நேர்க்கோடு. அதைப் பார்த்ததும் போன மூச்சு வந்தது. 9.8இல் இன்னொன்று எழுந்தது. சின்னதுதான். ஆனால் நடுவில் தரை தெரிகிற மாதிரி, தனியாக, தெளிவாக நின்றது. 0.9 சதவீதம்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?" என்றேன்.

"மூணு தடவை போட்டிருக்கேன் மேடம், வரிசையா."

மூன்று தடவையும் இரண்டுதான் வந்தது. குழாயின் குற்றமில்லை. மாத்திரையின் குற்றம்தான்.

"இது சாப்பிட்டா என்னம்மா பண்ணும்?"

"விஷம் மாதிரி இல்ல. ஆனா பிரஷரைக் குறைக்காது. வேற என்ன பண்ணும்னு யாரும் இன்னும் பார்த்ததில்ல. அதுக்குத்தான லிமிட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க."

ஆறாம் தேதியே தெரிந்திருந்தால் அன்றைக்கே கடைகளிலிருந்து திரும்ப எடுத்திருப்பார்கள். இருபத்திரண்டு நாள். எத்தனை வீட்டில், எத்தனை பேர், காலையில் பல் துலக்கிவிட்டு இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கம்பெனியை மாற்றி வேறு வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு
160/100

கார்மேகத்தின் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாதுளை, சாத்துக்குடி, கொஞ்சம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டேன்.

அவன் இல்லை. ஒரு மெடிக்கல் ஏஜென்சியில் வேலை கேட்கப் போயிருந்தானாம். சஸ்பென்ஷனில் இருக்கிறவனை யார் எடுப்பார்கள்? சங்கரி என்னைப் பார்த்ததும் அவ்வளவு பிரியமாக, "வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்கு உட்காரக் கூசியது.

"இவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாருக்கா. ஏதோ ஆபீஸ் தகராறு, சரியாயிரும்ங்கிறாரு. சரியாயிருமாக்கா?"

"ஆயிரும்மா."

"நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான். ஸ்கேன் எடுத்த அன்னிக்குக்கூட நீங்கதான அனுப்பி வச்சீங்க. கேட் பாஸ் போட நேரமாகும், நீ கெளம்பு, நான் பாத்துக்கிறேன்னு சொன்னீங்களாம். இல்லேன்னா புள்ளைய இவரு பாத்திருக்கவே முடியாது."

ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மூக்கு, மடக்கின கை. "பாருங்கக்கா, கைய மூஞ்சில வச்சுக்கிட்டு. டாக்டரம்மா வெக்கப்படுதுன்னாங்க." நான் குழந்தையைப் பார்க்கவில்லை. படத்தின் மேல் ஓரத்தில் இருந்ததைத்தான் பார்த்தேன். ஆகஸ்ட் 6. மாலை 4.10.

நாலு பத்து. அந்த நேரத்தில் அவன் லேபிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தில் சங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அப்படியென்றால் நாலு பன்னிரண்டுக்கு

(இந்த வரியை முடிக்க முடியவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.)

கிளம்பும்போது தெருமுனையில் அவனே எதிரே வந்தான். பைக்கை நிறுத்தினான்.

"சொல்லியிருக்கலாமேப்பா, அந்த நேரத்துல நீ ஸ்கேன் சென்டர்ல இருந்தேன்னு" என்றேன்.

"சொல்லி? கேட் பாஸ் இல்லாம வெளிய போனது என் தப்பு. லாகின மூடாமப் போட்டுட்டுப் போனதும் என் தப்பு."

"அது எல்லாரும் செய்யறதுதான். ரன் ஓடும்போது மூடினா நின்னுருமே."

"ஆமாக்கா. எல்லாரும் செய்யறதுதான்."

"மீதி?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தான். "மீதிய நான் எப்படிக்கா சொல்றது? நான் பாக்கலையே. கண்ணால பாக்காதத எழுதக்கூடாதுன்னு நீங்கதான உயிரை எடுப்பீங்க."

அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்
168/102

டாக்டரிடம் போனேன். என் பிரஷர் மெஷின் தப்பாகக் காட்டுகிறது, சரிபார்த்துக் கொடுங்கள் என்று பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவர் தன்னுடையதை ஒரு கையிலும் என்னுடையதை ஒரு கையிலும் கட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்.

"மெஷின் சரியாத்தான் இருக்கும்மா. டைரி எழுதுறீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். காட்டுங்கள் என்றார். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றேன். பைக்குள்ளேதான் இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி
166/100

அந்த பேட்சைக் கடைகளிலிருந்து திரும்ப அழைத்துவிட்டார்கள். குடோனில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன.

எத்திராஜ் சார் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறது என்று.

"பத்தாம் தேதி விசாரணை மேடம். நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். கார்மேகம் தனியாத்தான் பண்ணினான், உங்களுக்குத் தெரியாதுன்னு. அவனுக்கு டிஸ்மிஸ். பார்ட்டிக்கும் ஒரு பதில் சொன்ன மாதிரி ஆயிடும். அடுத்த வாரம் உங்க ப்ரமோஷன் ஆர்டரும் வந்துரும்."

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார்."

"எனக்குத் தெரியாதா? நல்ல பையன்தான். ஆனா கம்ப்யூட்டர்ல பேர் இருக்கே. யாராவது ஒருத்தர் செஞ்சிருக்கணும்ல?"

காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வாய் சுட்டுவிட்டது.

செப்டம்பர் 7, சனி
பார்க்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை விண்டுபோயிற்று. விடுதியிலிருந்து வந்திருந்த மகள், "என்னம்மா, நீ செஞ்சு இப்படி ஆனதே இல்லையே" என்றாள். மாவு சரியில்லை என்றேன். குழாய் சரியில்லை, பேட்டரி சரியில்லை, மாவு சரியில்லை. எனக்கு எப்போதும் வேறு ஏதாவது ஒன்றுதான் சரியில்லாமல் இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்
170/102

அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். 'செய்தவர் கார்மேகம்' என்று எழுதினேன். நீல மை. கையெழுத்து அழகாகத்தான் வந்தது. கீழே என் பெயரைப் போடப் போகும்போது, அந்தப் படத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்த கை ஞாபகம் வந்துவிட்டது. அழுதேன். உள்ளே வந்த என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த டைரியிலேயே சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

 "வேலை போகுமா?" என்றார்.

"போகும்."

"பொண்ணோட படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு." கொஞ்சம் கழித்து, "என் சம்பளத்துல ஓட்டலாம். ஓட்டித்தான் ஆகணும்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

செப்டம்பர் 10, செவ்வாய்
காலை 172/104

பதினொரு மணிக்கு விசாரணை. நீள மேஜை. எத்திராஜ் சார், எச்.ஆர்.காரர், வெளியிலிருந்து ஒரு வக்கீல். கார்மேகம் கடைசி நாற்காலியில். இஸ்திரி போட்ட சட்டை, ஷேவ் பண்ணின முகம். ஆள் இளைத்திருந்தான்.

என் முறை வந்ததும் நான் எழுதி எடுத்துப்போன தாளைப் படித்தேன்.

"ஆறாம் தேதி மூணே காலுக்குக் கார்மேகத்தை நான்தான் வெளியே அனுப்பினேன். கேட் பாஸ் போட வேண்டாம்னு சொன்னதும் நான்தான். நாலு பன்னிரண்டுக்கு அவன் லாகின்ல உட்கார்ந்து அந்தக் கோட்டை எடுத்தது நான். பிறகு நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவன் அந்த நேரத்துல எங்க இருந்தான்கிறதுக்கு ஸ்கேன் சென்டர்ல தேதியும் நேரமும் இருக்கு. கேட்டு வாங்கிக்குங்க."

எத்திராஜ் சார் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், யோசிச்சுப் பேசுங்க."

"முப்பத்தஞ்சு நாளா யோசிச்சாச்சு சார்."

வக்கீல் கேட்டார். "ஏன் அந்தக் கோட்டை எடுத்தீங்க?"

குழாய் பழசு, அதனால்தான் அந்தத் தோள் வருகிறது என்று நினைத்தேன் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. ஆனால் அந்தத் தப்பை மறுநாளே சொல்லியிருக்கலாம். புதுக் குழாய் வந்த அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இவனை எழுந்து நிற்கவைத்துக் கேட்ட அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இதையும் சொன்னேன். வக்கீல் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணிக்கு என் கையில் சஸ்பென்ஷன் ஆர்டர். இருபத்திரண்டு வருடத்தில் நான் எத்தனையோ பேருக்குச் சரிபார்த்த அதே மாதிரித் தாள்தான், மேலே நம்பர், கீழே தேதி. கார்மேகத்துக்கு எச்சரிக்கைக் கடிதம், நாளையிலிருந்து வேலை.

வெளியே பைக் நிறுத்துமிடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்காகத்தான் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஏதாவது சொல்லுவான், நான் பரவாயில்லப்பா என்பேன் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அவன் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே சொன்னான். "இருபது நாள் ஆயிருச்சுக்கா."

சஸ்பென்ஷன் ஆன நாளிலிருந்து சரியாகத்தான் எண்ணியிருந்தான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கம்பெனி பஸ்ஸில் ஏறக்கூடாது. மெயின் ரோடு வரை நடந்து டவுன் பஸ் பிடித்து வந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, சாப்பிடாமல், இந்த டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் 6க்குத் திருப்பினேன். 'கார்மேகம்தான்' என்பதிலிருந்து 'முடிந்திருந்தது' வரைக்கும் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரே கோடு போட்டிருக்கிறேன். அடியில் இருப்பது படிக்க வரும்.

அந்தப் பக்கத்தில் இடம் இல்லாததால் சரியான பதிவு இங்கே:

மூன்றே காலுக்குப் பிறகு கார்மேகம் லேபில் இல்லை. நான் டீ குடிக்கப் போகவில்லை. அன்று கேண்டீனில் டீயே இல்லை. செய்தவர்: செண்பகவல்லி. சரிபார்த்தவர்: யாரும் இல்லை.

காரணம்: பயம்.

செ.வ.
10.9